அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவில்

"நம்ம ஜனங்க சரியில்லப்பா. அப்பவே மிலிட்டரிய இறக்கியிருந்தா பத்தே நாள்ல கொரோனா ஓடியிருக்கும்." இதைக் கேட்காமல் நான் எந்த வீட்டு விசேஷத்திலிருந்தும் திரும்பியதில்லை. பேச்சு எங்கே தொடங்கினாலும் சரி, ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் நாலு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். சமீபத்தில் இதைச் சொன்னவர் என் பெரியப்பா. வருவாய்த் துறையில் கடைநிலையில் சேர்ந்து துணைத் தாசில்தாராக ஓய்வு பெற்றவர். புயல், வெள்ளம், தேர்தல், ரேஷன் என்று ஒரு ஆயுசுக்கு உண்டான கூட்டத்தைச் சமாளித்தவர். வாய்க்கு வந்ததைப் பேசுகிற ஆள் இல்லை. அதனால்தான் மற்றவர்கள் சொன்னபோது தலையாட்டிவிட்டு எழுந்து போன எனக்கு, அவர் சொன்னபோது விட்டுவிட முடியவில்லை.

ஆதாரமாக அவர் நீட்டியது, மொபைலில் இன்னும் அழிக்காமல் வைத்திருந்த ஒரு படம். கோயம்பேடு சந்தை, 2020 ஏப்ரல். எங்கே பார்த்தாலும் தலை. கீழே யாரோ கோபமாக ஒரு வரி சேர்த்திருந்தார்கள். நான் குடியிருப்பது விருகம்பாக்கம். அந்தப் படத்தில் இருந்திருக்கக்கூடிய ஆட்கள் பலரை எனக்குத் தெரியும்: கீரைக்காரம்மா, தள்ளுவண்டிக்காரர், மெஸ் நடத்துகிறவர். கணக்குத் தெரியாதவர்கள் யாரும் அதில் இல்லை. பத்து ரூபாய் கீரைக்கட்டில் எத்தனை காசு நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் கூட்டமாகச் சேர்ந்து சாகத் துணிந்தார்கள் என்றால், அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட கணக்கு என்ன என்று பார்க்க வேண்டாமா?

வெள்ளி சாயங்காலம், சனி காலை

2020 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. சென்னை, கோவை, மதுரையில் 26-ஆம் தேதி காலை ஆறு மணியிலிருந்து 29-ஆம் தேதி இரவுவரை முழு ஊரடங்கு, சேலத்திலும் திருப்பூரிலும் 28-வரை என்று அறிவிப்பு வந்தது. அந்த நாட்களில் மளிகைக் கடை கிடையாது. காய்கறி நடமாடும் வண்டியில் வரும். சரி, நோய் பரவுகிறது, நாலு நாள் யாரும் வெளியே வராவிட்டால் நல்லதுதானே என்று கோட்டையில் இருந்து பார்த்தால் தோன்றும். அண்ணாச்சி கடை வாசலில் இருந்து பார்த்தால் வேறு ஒன்று தெரிந்தது. கடைகள் அப்போது மதியம் ஒரு மணிவரைதான் திறந்திருந்தன. ஆக, எழுபது லட்சம் பேர் அளவில் இருக்கிற ஒரு ஊருக்கு நாலு நாள் சாமான் வாங்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை காலை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு மட்டும் மூன்று மணிவரை நீட்டித்தார்கள். அதற்குள் ஆக வேண்டியது ஆகிவிட்டது.

எங்கள் தெருமுனைக் கடையில் மார்ச் கடைசியிலேயே சாக்பீஸால் வட்டம் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்கும் அடுத்ததற்கும் மூன்றடி. ஒரு மாதமாக ஜனங்கள் அந்த வட்டத்துக்குள் நின்றார்கள். வெயிலில் நின்றார்கள், முணுமுணுத்துக்கொண்டே நின்றார்கள், ஆனால் நின்றார்கள். வட்டம் அழிந்தால் அண்ணாச்சியின் பையன் காலையில் வந்து மறுபடி வரைவான். அந்தச் சனிக்கிழமை வட்டம் எங்கே என்றே தெரியவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதற்கு அடியில் குனிந்து பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தார் அண்ணாச்சி. துவரம்பருப்பு ஒன்பது மணிக்கே தீர்ந்துவிட்டது. எனக்குக் கிடைத்தது உப்பும் சேமியாவும். பக்கத்தில் வீட்டு வேலை செய்கிற ஒரு அம்மா, வழக்கமாகக் கால் கிலோ கால் கிலோவாக வாங்குகிறவர், ஒரு கிலோ பருப்புக்குக் கடன் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் ஃபிரிட்ஜ் இல்லை, கையில் மொத்தமாகப் பணம் இல்லை, நடமாடும் வண்டி தன் சந்துக்குள் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஒரு மாதம் ஒழுங்காக வட்டத்தில் நின்ற அதே ஆட்கள்தான் அன்று முண்டியடித்தார்கள். வெள்ளிக்கும் சனிக்கும் இடையில் ஜனங்களின் குணம் மாறிவிடவில்லை. மாறியது அறிவிப்பு மட்டுமே.

கோயம்பேட்டுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. 1996-இல் திறந்த சந்தை, 295 ஏக்கர், சென்னையின் அடுப்பு பெரும்பாலும் அதை நம்பித்தான் எரிகிறது. நாலு நாளும் தெருவில் விற்க அனுமதிக்கப்பட்ட தள்ளுவண்டிக்காரர் சரக்கு எடுக்க வேறு எங்கே போவார்? அவரை வீட்டுக்கு வீடு அனுப்பிய அதே ஆணைதான் அவரைக் கோயம்பேட்டுக்கும் அனுப்பியது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சந்தையைப் பிரித்து வெவ்வேறு இடங்களில் வைக்கலாம் என்று அதிகாரிகள் முன்பே கேட்டார்கள், வியாபாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை. பழமும் பூவும் மட்டும் மாதவரம் போயின. கடைசியில் மே 5-ஆம் தேதி சந்தை மூடப்பட்டது, காய்கறி திருமழிசைக்குப் போனது. மூடியவுடன் சுமை தூக்கும் தொழிலாளர்கள் என்ன செய்வார்கள் என்பதற்குப் பதில், கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் அடுத்தடுத்த நாட்களில் ஏறிய எண்ணிக்கையில் கிடைத்தது. சந்தைக்குள்ளேயே படுத்து எழுந்தவர்கள் அவர்களில் பலர். வேலையும் இல்லை, படுக்க இடமும் இல்லை என்றான பிறகு கிடைத்த லாரியில் ஏறி ஊருக்குப் போகாமல் என்ன செய்வார்கள்?

டோக்கன்

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எம்.ஜி.ஆர். நகர் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்துப் பேட்டை, மறக்குமா? 2005 வெள்ளம். நிவாரணம் கொடுக்கிற இடத்தில் முதலில் நவம்பரில் வியாசர்பாடியில் நெரிசல், ஆறு பேர் செத்தார்கள். டிசம்பர் 18 அன்று எம்.ஜி.ஆர். நகர் பள்ளிக்கூடத்தில், விடிவதற்கு முன்பே, 42 பேர். இன்றைக்கு விட்டால் கிடைக்காது என்று வதந்தி. மழை வேறு. கேட் திறந்ததும் ஓடியவர்கள் விழுந்தவர்கள் மேல் விழுந்தார்கள். அன்றைக்கும் இதே பேச்சுதான் பேசினோம், ஜனங்களுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது என்று.

"அதுக்கப்புறம் நாங்க கத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணுதான்," என்றார் பெரியப்பா. "பணம் இருக்குன்னு சொல்றது முக்கியமில்ல. உனக்கு இருக்கு, இந்தத் தேதி, இந்த நேரம், வராட்டியும் உன் பங்கு எங்கயும் போகாதுன்னு சொல்லணும். அத ஒரு சீட்டுல எழுதி வீட்டுல கொண்டு போய்க் குடுத்துட்டா ஒருத்தனும் ஓடமாட்டான்."

அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ஜனங்கள் சரியில்லை என்று தொடங்கிய மனிதர், சீட்டு கொடுத்தால் ஒருவனும் ஓடமாட்டான் என்று முடிக்கிறார். நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை. வயசானவரை மடக்கி என்ன ஆகப்போகிறது? ஆனால் அன்றிரவு எனக்கு உறைத்தது வேறொன்று. 2020 ஏப்ரலில், அதே மாதத்தில், அதே அரசு, அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தது. தேதியும் நேரமும் போட்ட டோக்கன். எங்கள் ரேஷன் கடையில் அதற்கு அடிதடி இல்லை. தங்கள் நேரம் வந்தபோது பையோடு வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மாதத் தொடக்கத்தில் எழுபது லட்சம் பேரை எப்படி நகர்த்துவது என்று தெரிந்திருந்த நிர்வாகம், மாதக் கடைசியில் அதை மறந்துபோனது எப்படி?

என் ஊகம் இது. நிவாரணம் கொடுப்பதைக் கூட்டம் சம்பந்தப்பட்ட வேலையாக அரசு பார்க்கிறது, ஏனென்றால் அதில் பிணம் விழுந்து பார்த்திருக்கிறது. ஊரடங்கைக் கூட்டத்தைக் கலைக்கிற வேலையாகப் பார்க்கிறது, ஆகவே அதனால் கூட்டம் கூடும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. தொற்று நோயில் பிணம் அங்கேயே விழுவதும் இல்லை. பத்து நாள் கழித்து வேறொரு மருத்துவமனையில் விழும். அதைச் சனிக்கிழமையோடு சேர்த்து முடிச்சுப்போட யாரும் இருக்கமாட்டார்கள்.

மார்ச் 24 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசி, நாலு மணி நேரத்தில் நாடு முழுக்கப் பூட்டியதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பெரியப்பா அதற்கும் ஒரு அலுவலகக் கணக்கு வைத்திருந்தார். "டோக்கன் அடிக்கணும், வார்டு வாரியா பிரிக்கணும், வீட்ல குடுக்கணும். ராத்திரி சொல்லி காலைல செய்யின்னா யார் செய்யிறது? மேல அவசரம்னா கீழ இருக்கறவன் கை கட்டிட்டுதான் நிப்பான்." இது எனக்குத் தோன்றாத விஷயம். திடீர் அறிவிப்பு பொதுமக்களை மட்டும் திகைக்கவைப்பதில்லை. அதை நடத்திக்காட்ட வேண்டிய வி.ஏ.ஓ., சுகாதார ஆய்வாளர், போலீஸ்காரர் எல்லோரும் அந்தச் செய்தியை டி.வி.யில்தான் முதலில் பார்க்கிறார்கள்.

பதிவேட்டில் இல்லாத கட்டம்

என் சித்தப்பா மகள் ஒருத்தி அந்த வருஷம் வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் ஒப்பந்த வேலைக்குப் போனாள். காலையில் தொப்பி, முகக்கவசம், நெற்றியில் காட்டுகிற வெப்பமானி, ஒரு நீளப் பதிவேடு. பெயர், வயது, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, சர்க்கரை உண்டா என்று கட்டங்கள். "அண்ணா, ரெண்டு தெரு முடிச்சதுமே தெரிஞ்சு போச்சு, யாரும் ஆமான்னு சொல்லப்போறதில்லைன்னு," என்றாள். உள்ளே இருமல் கேட்கும், வாசலில் நிற்பவர் "எல்லாரும் நல்லா இருக்கோம்மா" என்பார். பாராசிட்டமால் போட்டுவிட்டு வந்து நெற்றியைக் காட்டினவர்களும் உண்டு.

அவர்களுக்குப் பைத்தியமா? தொற்று என்று தெரிந்தால் வாசலில் தகரம் அடித்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தெருவே ஒதுங்கியது, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னார், வேலைக்குப் போகும் இடத்தில் வரவேண்டாம் என்றார்கள். தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலையே அந்த ஏப்ரலில் இந்த ஊரில் நிம்மதியாக அடக்கம் செய்ய விடவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பெண் பதிவேட்டைப் பிரித்துக்கொண்டு காய்ச்சல் உண்டா என்று கேட்டால், உண்டு என்று சொல்ல ஒரு காரணமாவது வேண்டும். அவள் பதிவேட்டில் 'இல்லை' என்று எழுத இடம் இருந்தது. 'இல்லை என்கிறார்கள், பயப்படுகிறார்கள்' என்று எழுதக் கட்டம் இல்லை. சாயங்காலம் மேலே போகிற கூட்டுத்தொகையில் அந்தத் தெரு சுத்தமான தெரு.

2018-இல் கோழிக்கோட்டில் நிபா வந்தபோது நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். 17 பேர் இறந்துபோனார்கள், அவர்களில் லினி என்ற செவிலியும் ஒருவர். கொரோனாவைவிடப் பல மடங்கு கொல்லும் நோய். தொடர்பில் இருந்தவர்கள் என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியல் போட்டுக் கவனித்தார்கள். தனிமையில் இருந்த வீடுகளுக்கு அரிசியும் சாமானும் போயின, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு ஃபோன் போனது. பட்டியலில் பெயர் வந்தால் ஏதோ கிடைக்கிறது என்றால் ஒருவன் ஏன் ஒளிய வேண்டும்? கேரளாக்காரர்கள் படித்தவர்கள் என்று உடனே ஒரு பதில் வரும். படிப்பு இருந்தாலும் வாசலில் தகரம் அடித்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

சென்னையிலும் மாறியது. மே மாதம் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போடத் தொடங்கினார்கள். ஒரு பந்தல், ஒரு டாக்டர், மாத்திரை, கபசுரக் குடிநீர். வீட்டு வாசலுக்கு வந்து விசாரிக்கும்போது வாயைத் திறக்காதவர்கள், முகாமுக்குத் தாங்களே நடந்து போய், "ரெண்டு நாளா உடம்பு வலி டாக்டர்" என்றார்கள். ஜூன் 30-ஆம் தேதி சென்னையில் ஒரே நாளில் 2,393 பேர் என்று உச்சத்துக்குப் போய், பிறகு இறங்கியதில் இந்த முகாம்களுக்குப் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். என் தங்கையைக் கேட்டால், அந்த யோசனை முதல் வாரமே தங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும் என்கிறாள். கேட்கத்தான் ஆள் இல்லை.

சூரத் கதை எனக்குப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான். 1994 செப்டம்பரில் அங்கே பிளேக் வந்தது. இறந்தவர்கள் ஐம்பதுக்குச் சற்று மேல். ஆனால் லட்சக்கணக்கானவர்கள் ரயிலேறி ஊரைவிட்டே போனார்கள், தனியார் மருத்துவர்கள் பலர் உட்பட. டாக்டரே ஓடுகிற ஊரில் தறி ஓட்டுகிறவன் ஓடாமல் என்ன செய்வான்? அடுத்த மே மாதம் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ். ஆர். ராவைப் பற்றி எல்லோரும் சொல்வது, குப்பையை அள்ளினார், பெரிய மனிதர்களின் ஆக்கிரமிப்பையும் இடித்தார், 1996-இல் இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு அந்த ஊரை நாட்டின் இரண்டாவது சுத்தமான நகரம் என்றது என்பதுதான். எனக்கு முக்கியமாகப் படுவது அதிகம் பேசப்படாத ஒரு ஏற்பாடு. நகரத்தை ஆறு மண்டலமாகப் பிரித்து, தன் அதிகாரத்தை ஒவ்வொரு மண்டலத் தலைவருக்கும் கொடுத்துவிட்டார். எல்லோரும் காலையில் தெருவில் இருக்க வேண்டும், மதியம் கூடிப் பேச வேண்டும். காலையில் பார்த்த பிரச்சினைக்கு அன்றைக்கே முடிவு, கோப்பு ஊர் சுற்றப் போகாது. அதாவது ஆணை போடுகிறவனும் அந்த ஆணை தெருவில் என்ன பாடுபடுகிறது என்று பார்க்கிறவனும் ஒரே ஆள். என் தங்கை பதிவேட்டில் எழுத முடியாமல் விட்டதை, அவளுக்கு மேலே இருந்தவர் தானே வாசலில் நின்று கேட்டிருந்தால் பந்தல் எத்தனை வாரம் முன்னால் வந்திருக்கும்!

வரிசையை ஒழித்த ஒரு முடிவு

ஆட்சி மாறினாலும் இந்த வியாதி ஒன்றுதான் என்பதற்கு 2021 சாட்சி. இரண்டாம் அலை. கொரோனா நோயாளிகளுக்குப் போட்ட ரெம்டெசிவிர் ஊசியை அரசே நேரடியாக விற்கும் என்று ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் கவுண்டர் திறந்தார்கள். கள்ளச்சந்தையில் இருபதாயிரம் கேட்கிறான் என்று ஜனங்கள் கதறியபோது, அது நல்ல எண்ணத்தில் எடுத்த முடிவுதான். விளைவு, நோயாளிக்கு மூச்சு திணறிக்கொண்டிருக்க, அவரோடு இருந்து தொற்று ஏறியிருக்க வாய்ப்புள்ள மகன், ராத்திரியெல்லாம் கீழ்ப்பாக்கம் பிளாட்பாரத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு உட்கார்ந்திருந்தான். அந்த ஊசியை வழக்கமாகப் போட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது வேறு விஷயம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகு எந்த மகன் அதைப் பற்றி யோசிப்பான்?

கூட்டம் தாங்கவில்லை என்று மே நடுவில் விற்பனையை நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். பெரிய இடம், தடுப்புக் கட்டை, போலீஸ். கூட்டம் கூடுகிறதா, பெரிய மைதானம் கொடு என்பது நிர்வாகத்துக்கு இயல்பாக வருகிற யோசனை. அங்கேயும் அதே வரிசை. அப்புறம் ஓரிரு நாளிலேயே ஒரு முடிவு வந்தது: 18-ஆம் தேதியிலிருந்து குடும்பத்தார் வரவேண்டாம், மருத்துவமனைகள் இணையத்தில் நோயாளி விவரத்தைப் பதிந்து தாங்களே பெற்றுக்கொள்ளட்டும். அவ்வளவுதான். அதோடு வரிசை போய்விட்டது. ஊசியின் எண்ணிக்கை ராத்திரியோடு ராத்திரியாகக் கூடிவிடவில்லை, ஜனங்கள் திடீரென்று ஒழுக்கசீலர்கள் ஆகிவிடவும் இல்லை. தட்டுப்பாட்டைத் தலையில் சுமந்துகொண்டு அலைகிற வேலை மகனிடமிருந்து மருத்துவமனைக்கு மாறியது. மூன்று வாரம் முன்னால் இதைச் செய்ய என்ன தடை இருந்தது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இதையெல்லாம் வைத்து, ஆணையைச் சரியாக எழுதினால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வருகிறேனா என்றால், அங்கேயும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 2020 ஜூனில் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு வந்தது. இந்த முறை ஏப்ரல் பாடம் நினைவில் இருந்திருக்கிறது. 15-ஆம் தேதி சொன்னார்கள், 19-ஆம் தேதி முதல் அமல். கடைகள் தினமும் காலை ஆறு முதல் மதியம் இரண்டுவரை, ஞாயிறு மட்டும் முழுக்க மூடல். அண்ணாச்சி கடையில் ஒரு பரபரப்பும் இல்லை, பையன் வட்டத்தைக் கொஞ்சம் பெரிதாக வரைந்திருந்தான். ஆனால் கிடைத்த அந்த நாலு நாளில் இ-பாஸ் என்ற பயண அனுமதி உள்ளவர்களும் இல்லாதவர்களும் பைக்கிலும் காரிலும் தென்மாவட்டங்களைப் பார்த்துக் கிளம்பினார்கள். எங்கள் தெருவில் மாடிப் போர்ஷனில் இருந்த குடும்பமும் போனது. அவர் கால் டாக்ஸி ஓட்டுகிறவர், மூன்று மாதமாகச் சவாரி இல்லை. சாமான் வாங்க நேரம் கொடுத்தது சரி, வாடகைக்கு அவர் எங்கே போவார்? இடம்பெயர்ந்த தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக்கூடாது என்று மத்திய அரசு மார்ச் கடைசியில் ஓர் ஆணை போட்டிருந்தது. அந்த வீட்டுக்காரம்மாவுக்குப் பென்ஷன் கிடையாது, இரண்டு போர்ஷன் வாடகையில்தான் சாப்பாடும் பிரஷர் மாத்திரையும். அவர் கேட்கக்கூடாது என்றால் அவருக்கு யார் கொடுப்பார்கள் என்று அந்த ஆணையில் ஒரு வரி இல்லை. அவர் கேட்டார். அவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டு, முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, குழந்தையோடு திண்டுக்கல்லுக்குப் போனார்கள். இரண்டு பேர் செய்ததிலும் என்னால் குற்றம் காண முடியவில்லை.